பெர்மனன்ட் வேலையை வேண்டாம் என்றால் வேலையின்மை உதவித்தொகை கிடைக்குமா?

திருமங்கலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மூன்று வருடமாகக் கெடு வைத்த கான்ட்ராக்டில் வேலை. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப் இரண்டும் பிடிக்கிறார்கள். மார்ச் 31-ஆம் தேதியோடு கெடு முடிகிறது. 'பெர்மனன்ட் ஆக்குகிறோம், ஆனால் ஓசூர் ஆலைக்குப் போக வேண்டும்' என்கிறது கம்பெனி. வீட்டில் சிறுநீரகக் கோளாறுக்கு வைத்தியம் பார்த்துவரும் அம்மா, உடன் இருக்க வேறு ஆள் இல்லை. மறுத்துவிட்டால் இஎஸ்ஐ தரும் வேலையின்மைத் தொகை கிடைக்குமா என்பது கேள்வி. டெக்சாஸில் இருக்கும் சித்தப்பா மகன், 'வந்த வேலையை வேண்டாம் என்று சொன்னவனுக்கு ஒரு பைசா வராது' என்று சொல்லிவிட்டாராம். இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

முதலில் தூக்கம் வரட்டும். அண்ணன் சொன்னது அவர் ஊர்ச் சட்டம். அங்கேயும் அது பாதிதான்.

அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. அதை நடத்துவது ஒவ்வொரு மாநில அரசும். பணம் வாங்குகிறவர் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும். தகுந்த வேலை ஒன்று வந்து, நியாயமான காரணம் இல்லாமல் அதை மறுத்தால் தொகை நிற்கும். ஆனால் எது 'தகுந்த வேலை' என்பதில்தான் அங்கே வழக்கே நடக்கிறது. தூரம், சம்பளம், உடல்நிலை, முன்பு செய்த வேலை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்த வட்டாரத்தில் அதே மாதிரி வேலைக்கு நடப்பில் இருக்கும் சம்பளத்தையும் நேரத்தையும் விட மிகவும் மோசமான நிபந்தனையோடு வரும் வேலையை மறுத்ததற்காகத் தொகையை நிறுத்தக் கூடாது என்று அவர்களுடைய மத்தியச் சட்டமே மாநிலங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே அந்த ஊரில்கூட 'ஒரு பைசா வராது' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது.

நம் ஊர்க் கதை வேறு. 'வந்த வேலையை ஏற்றுக்கொண்டீர்களா, மறுத்தீர்களா?' என்பதை வைத்து நம் திட்டங்கள் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. இருந்த வேலை எப்படி முடிந்தது என்பதுதான் கணக்கு. உங்கள் விஷயத்தில் எல்லாமே இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது: கெடு முடிந்து வேலை போனதா, நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களா?

உங்களுக்குப் பொருந்தும் திட்டத்தின் பெயர் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா'. இஎஸ்ஐ கழகம் 2018 ஜூலை 1 முதல் நடத்துகிறது. பரிசோதனைத் திட்டமாகத் தொடங்கி, கெடு முடிய முடிய நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். தொடக்கத்தில் சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தார்கள். கொரோனா வந்த 2020-இல் அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் 90 நாள் வரைக்கும் கிடைக்கும். இரண்டு ஆண்டு இஎஸ்ஐ-க்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பணம் கட்டியிருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. மூன்று வருடம் விடாமல் வேலை பார்த்த உங்களுக்கு இதில் சிக்கலே இல்லை.

யாருக்குக் கிடைக்காது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர், தானாக வேலையை விட்டவர் போன்றவர்கள். கான்ட்ராக்ட் கெடு முடிந்தவர் இந்தப் பட்டியலில் இல்லை. வேறு ஊரில் கொடுத்த வேலையை மறுத்தவரும் இல்லை. ஆகவே கெடு முடியும் நாள் வரை வேலை பார்த்து, கெடு முடிந்ததால் வெளியே வந்தால், ஓசூரை மறுத்த காரணத்துக்காக மட்டும் இந்தத் தொகை கைவிட்டுப் போகாது.

இப்போது ஆபத்து எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இந்தப் பதிலில் நீங்கள் நன்றாக மனதில் வாங்க வேண்டிய பகுதி இது.

ஓசூர் வேண்டாம் என்று சொன்னதும் ஹெச்.ஆர். அறையில் ஒரு அச்சடித்த தாளை நீட்டுவார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையை ராஜினாமா செய்கிறேன்' என்று இருக்கும். 'ஃபுல் செட்டில்மென்ட்டுக்கு இது வேண்டும், எல்லாரும் போடுவதுதான்' என்பார்கள். பல நேரம் அவர்களுக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. கோப்பில் ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையெழுத்து விழுந்த நொடியில், கெடு முடிந்து போன வேலை நீங்களாக விட்ட வேலை ஆகிவிடுகிறது. பிறகு இஎஸ்ஐ கிளையில் உட்கார்ந்து 'கெடு முடிந்ததுதான் சார்' என்று எத்தனை முறை சொன்னாலும், கோப்பில் இருக்கும் உங்கள் கையெழுத்து வேறொன்றைச் சொல்லும். கப்பலூரிலும் மேலூர்ப் பக்கத்து ஆலைகளிலும் வேலை பார்த்த எத்தனையோ பேருடைய தாள்களைப் பார்த்திருக்கிறேன். மனு தடுக்கி விழுந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான். அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்குப் பதிலாக நீங்களே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்: 'இன்ன தேதியிட்ட பணி நியமன உத்தரவின்படி என் ஒப்பந்தக் காலம் மார்ச் 31-ஆம் தேதியுடன் முடிவடைகிறது. ஓசூர் ஆலையில் நிரந்தரப் பணி தர முன்வந்ததற்கு நன்றி. என்னைச் சார்ந்துள்ள தாயாரின் தொடர் சிகிச்சை காரணமாக அந்த ஊரில் பணி ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். கப்பலூர் ஆலையில் நிரந்தரப் பணி அளித்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.' இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் வேலையை வெறுத்துப் போகவில்லை, ஊர்தான் தடை என்பதை அது காட்டும். நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும்.

ரிலீவிங் லெட்டரில் 'ஒப்பந்தக் காலம் முடிந்ததால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கம்பெனி மாதாமாதம் இஎஸ்ஐ இணையதளத்தில் பங்களிப்பைப் பதிவு செய்கிறதல்லவா, வேலை நாள் பூஜ்யம் என்று போடும் மாதத்தில் ஒரு காரண எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும். 2 என்றால் பணியை விட்டுப் போனவர், 10 என்றால் ஆட்குறைப்பு, 11 என்றால் வேலை இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் யோசிக்காமல் 2-ஐத் தட்டிவிடுவது வழக்கம். கணக்கரிடம் முன்கூட்டியே நல்லபடியாகப் பேசி வையுங்கள். பதிவு எதுவாக இருந்தாலும், நியமன உத்தரவும் ரிலீவிங் லெட்டரும் கையில் இருந்தால் எடுத்துச் சொல்ல இடம் இருக்கும்.

இன்னொரு நுணுக்கம். உங்கள் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? கம்பெனி பெயரா, ஆள் அனுப்பும் ஏஜென்சி பெயரா? ஏஜென்சி என்றால் கதை மாறும். ஏஜென்சி உங்களைப் பட்டியலிலேயே வைத்துக்கொண்டு, 'அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துத் தருகிறேன்' என்று இழுத்தால், பதிவுப்படி நீங்கள் வேலை இழந்தவரே இல்லை. அப்போது ஏஜென்சியிடமிருந்துதான் விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அதேபோல, கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே 'எப்படியும் போகப்போகிறோம்' என்று கோபித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அது தானாக விட்ட கணக்கில்தான் சேரும்.

இனி பணம் எவ்வளவு? நான்கு பங்களிப்புக் காலத்தில், அதாவது இரண்டு வருடத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பார்கள். உங்களுக்கு 4,32,000-ஐ வகுத்தால் நாளைக்கு ஏறத்தாழ 592 ரூபாய். அதில் பாதி 296. 90 நாளுக்குச் சுமார் 26,600 ரூபாய். இவ்வளவுதான். இடையில் வேறு வேலை கிடைத்தால் அன்றோடு நிற்கும். இந்தத் தொகையை வாங்கும் காலத்தில் இஎஸ்ஐ மருத்துவ வசதியும் தொடரும்.

மருத்துவம் என்றதும் அம்மா விஷயம். அக்டோபர்–மார்ச் காலத்தில் நீங்கள் கட்டிய பங்களிப்பு, வரும் ஜூலை முதல் டிசம்பர் வரையிலான பயன் காலத்துக்குக் கணக்கு. அதற்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பர் பங்களிப்பு ஜனவரி முதல் ஜூன் வரைக்கும். ஆகவே மார்ச்சோடு வேலை போனாலும் மறுநாளே கார்டு செல்லாமல் போய்விடாது. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும். வேலை போனதும் இஎஸ்ஐ மருந்தகப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மாதம் உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய், பிடித்திருக்கிறார்கள். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். யாரும் தர்மம் செய்யவில்லை. கட்டிய பணத்துக்கான உரிமை. கூச்சப்படாமல் போய் வாங்குங்கள்.

விண்ணப்பம் வேலை போன நாளிலிருந்து 30 நாள் கழித்து இஎஸ்ஐ இணையதளத்தில் போட வேண்டும். அந்த 30 நாளுக்குள் போட்டால் எடுக்காது. ஆதாரும் வங்கிக் கணக்கும் இஎஸ்ஐ எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். ஆதாரில் இருக்கும் பெயரும் இஎஸ்ஐ பதிவில் இருக்கும் பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். ஆவணங்களை இணையதளத்தில் ஏற்றவில்லை என்றால், அச்செடுத்துக் கையெழுத்திட்ட விண்ணப்பம், வங்கிப் புத்தக நகல் எல்லாவற்றையும் உங்கள் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முன்பு கம்பெனி வழியாகத்தான் மனு போக வேண்டும் என்று இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். நேராக நீங்களே போகலாம். அன்றைக்கு நடப்பில் இருக்கும் நீட்டிப்புத் தேதியையும் சதவீதத்தையும் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நீட்டிப்பில் ஓடும் திட்டத்துக்கு இது அவசியம்.

அதிகாரி 'கம்பெனி வேலை தரவில்லையா?' என்று கேட்டால் மறைக்காதீர்கள். 'ஓசூரில் தந்தார்கள், அம்மாவை விட்டுப் போக முடியவில்லை' என்று உள்ளதைச் சொல்லி, கடிதத்தின் நகலைக் காட்டுங்கள். விண்ணப்பத்தில் பொய் எழுதுவதுதான் தப்பு. மறுத்தது தப்பு இல்லை.

'ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா' என்று இன்னொரு இஎஸ்ஐ திட்டம் உண்டு, அதில் 24 மாதம் வரை வருமாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் 12 மாதம் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம் என்பது உண்மைதான். 2005 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆனால் அது ஆலை மூடப்பட்டவர்களுக்கும், சட்டப்படி ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்களுக்கும், வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் அடைந்தவர்களுக்கும் மட்டும். கெடு முடிந்து விலகுவது சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு ஆகாது. பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் அப்படித்தான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். அதனால் அதை எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

வேலையை மறுத்தால் பணம் போகும் இடம் நம் சட்டத்திலும் ஒன்று உண்டு. லே-ஆஃப். கரண்ட் இல்லை, ஆர்டர் இல்லை, மூலப்பொருள் இல்லை என்று ஆட்களை வீட்டில் உட்கார வைக்கும்போது பாதிச் சம்பளம் நஷ்டஈடாக வரும் அல்லவா, அதில். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் 25ஈ பிரிவில் இதை எழுதி வைத்தது: அதே முதலாளியின் வேறு ஆலையில், அதே ஊரிலோ ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளோ, அதே சம்பளத்தில், தனித் திறமை தேவைப்படாத மாற்று வேலை கொடுத்து, அதைத் தொழிலாளி மறுத்தால் நஷ்டஈடு கிடையாது. கவனியுங்கள், ஐந்து மைல். அதைச் சட்டமாக எழுதியவர்களுக்குத் தொழிலாளியின் வீடு எங்கே இருக்கிறது என்ற நினைப்பு இருந்திருக்கிறது. கப்பலூரிலிருந்து திருமங்கலம் அந்த வட்டத்துக்குள் வரும். 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஓசூரைச் சொல்லி உங்களைக் குற்றம் சாட்ட இந்தப் பிரிவுகூட உதவாது. அதோடு உங்களுடையது லே-ஆஃப் விவகாரமும் அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நீங்கள் மூன்று வருடம் கப்பலூரில் வேலை பார்த்தவர். அப்படியானால் 'பெர்மனன்ட் ஆக வேண்டுமா, ஓசூர் போ' என்ற நிபந்தனையே கேள்விக்குரியது. நீங்கள் நேரடியாகக் கம்பெனி ஆளா, உங்கள் வேலை 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருமா, இடையில் கெடுவை முறித்து முறித்துப் புதுப்பித்தார்களா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். நியமன உத்தரவுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தாரையோ பாருங்கள். மார்ச் 31-க்கு முன்பே போங்கள். வெளியே வந்தபின் கேட்பதைவிட உள்ளே இருந்து கேட்பதற்குப் பலம் அதிகம்.

பணிக்கொடையையும் விடாதீர்கள். ஐந்து வருடம் முடியாவிட்டால் கிராஜுவிட்டி கிடையாது என்று எல்லாரும் சொல்வார்கள். புதிய தொகுப்புச் சட்டங்களின்படி, கெடு வைத்த வேலையில் நேரடியாக இருப்பவருக்கு ஒரு வருடமே போதும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 என்று வைத்தால், வருடத்துக்கு 15 நாள் கணக்கில் 6,923 ரூபாய், மூன்று வருடத்துக்கு 20,769. எழுத்தில் கேளுங்கள்.

பிஎஃப் பணத்துக்கும் நீங்கள் வேலையை மறுத்ததற்கும் தொடர்பே கிடையாது. 2025 அக்டோபரில் பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதியை 12 மாதம் கழித்து. என் கருத்து, முடிந்தவரை தொடாதீர்கள். பென்ஷன் பகுதியைக் கட்டாயம் தொடாதீர்கள். பத்து வருடம் சேர்ந்தால்தான் பென்ஷன். மூன்று வருடத்துக்குச் சேர்ந்ததை எடுத்துச் செலவழித்தால் அடுத்த வேலையில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். சிக்கல் வந்தால் சொக்கிகுளம் லேடி டோக் கல்லூரிச் சாலை பிஎஃப் அலுவலகத்துக்கு நேரில் போய்விடுங்கள்.

மாநில அரசின் வேலையற்றோர் உதவித்தொகை, கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுப்பது, இப்போதைக்கு உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. நீங்கள் வருடம் 2,16,000 சம்பாதித்தவர். பிளஸ் டூ முடித்தவருக்கு மாதம் 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருடத்துக்கு. தொகை சிறியது என்று யாரும் கேலி பேச வேண்டாம். பஸ் கட்டணத்துக்கும் தேர்வு விண்ணப்பத்துக்கும் அதை நம்பி இருக்கும் பிள்ளைகள் உசிலம்பட்டிப் பக்கமும் பேரையூர்ப் பக்கமும் இருக்கிறார்கள். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் மட்டும் உடனே புதுப்பியுங்கள். அது பின்னால் அரசு வேலைக்கு உதவும்.

கடைசியாக, போகலாமா வேண்டாமா என்பதில் என் மனதில் பட்டது. 26,600 ரூபாயை நம்பி ஒரு பெர்மனன்ட் வேலையை விடாதீர்கள். மூன்று மாதச் சாப்பாட்டுக்கே அது பற்றாது. அதே நேரம், அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஓசூரில் ஒரு அறை வாடகை, இங்கே ஒரு வீட்டு வாடகை என்று இரண்டு உலை வைக்க 18,000 சம்பளக்காரரால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவுக்காக மறுக்கிறீர்கள் என்றால் அந்தக் காரணம் தனியாகவே நிற்கும், சட்டமும் உங்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை. மறுப்பதற்கு முன் ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: கப்பலூரிலேயே இடம் தர முடியுமா, முடியாவிட்டால் ஓசூரில் சேர மூன்று மாத அவகாசம் தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் அந்தக் காகிதமும் உங்கள் கோப்பில் சேரட்டும்.

மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் 'செல்லாது' என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். மாதாமாதம் இஎஸ்ஐ அலுவலகத்தில் 'சுவிதா சமாகம்' என்ற குறைதீர்க் கூட்டம் நடக்கும். நியமன உத்தரவு, ரிலீவிங் லெட்டர், ஓசூர் பற்றிய கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்காருங்கள். அந்த ராஜினாமாத் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே அதைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.